சொல் ஒரு வழி, சரக்கு ஒரு வழி: வேதிப் பெயர்களுக்கும் கனிமப் பெயர்களுக்கும் வேர் தேடும் முறை

ஆல்கஹால் என்ற சொல்லைப் பின்தொடர்ந்து போனால் கண் மையில் போய் நிற்போம். அரபியில் ‘அல்-குஹ்ல்’ என்பது கண்ணுக்குத் தீட்டும் கறுப்புத் தூள். அஞ்சனக்கல்லை, அதாவது ஆன்டிமனி சல்ஃபைடை, நைய அரைத்தது. லத்தீனுக்குப் போனபோது அது எந்த நுண்தூளுக்கும் பெயராயிற்று. அடுத்து, அரைத்தோ ஆவியாக்கியோ எடுத்த சாரத்துக்குப் பெயராயிற்று. 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற ஐரோப்பிய மருத்துவர் திராட்சை மதுவின் சாரத்தை ‘ஆல்கஹால் வினி’ என்றார். நாளடைவில் ‘வினி’ உதிர்ந்துபோய் ஆல்கஹால் மட்டும் நின்றது.

இந்த வழியில் சொல் ஓரிடத்திலும் அறுபடவில்லை. அது சுட்டிய பண்டம்தான் அடுத்தடுத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வேர் தேடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். சொல்லின் வரலாற்றைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, பண்டத்தின் வரலாறும் அதுவேதான் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். தமிழில் ‘பொருள்’ என்றால் அர்த்தமும் ஆகும், பண்டமும் ஆகும் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். ஆகவே பண்டத்தைக் குறிக்கச் சித்த மருத்துவத்தில் வழங்கும் ‘சரக்கு’ என்ற சொல்லையே இங்கே எடுத்துக்கொள்வோம்.

அட்டை போடுவது

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் சொல்: எந்த மொழி, எந்த எழுத்துக்கூட்டல், எந்த ஆண்டு அல்லது நூற்றாண்டு. வலப்பக்கம் சரக்கு: அந்த மொழியில் அந்தக் காலத்தில் அந்தச் சொல் எதைக் குறித்தது, என்ன நிறம், நீரில் கரையுமா, எரியுமா, எதற்குப் பயன்பட்டது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வரி. வலப்பக்கம் காலியாக இருக்கிற வரி முடியாத வரி என்று பொருள். அதன்மேல் அடுத்த வரியைக் கட்டக் கூடாது.

முதல் வரியை இன்றிலிருந்து தொடங்குங்கள். இன்று அந்தப் பெயர் எந்தச் சேர்மத்துக்கு உரியது என்பதை வேதிப்பெயரோடு எழுதுங்கள். ‘உப்பு’, ‘காரம்’, ‘பாஷாணம்’ என்று பொதுவாக விட்டுவிட்டால் பின்னால் வரும் எல்லா வரியும் ஆடும். கனிமமாக இருந்தால், சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் பட்டியலில் இருக்கிற பெயரைப் போடுங்கள். புதிய கனிமப் பெயர்களை ஏற்பதற்கென்று அந்தச் சங்கம் 1959 முதல் ஒரு குழுவை வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு ஏற்கப்பட்ட பெயர்களுக்கு வேர் தேடிக் களைக்க வேண்டியதில்லை. பெயரிட்டவரே காரணத்தை எழுதியிருப்பார்.

தமிழ்ப் பெயர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனிலும், 1862இல் வந்த வின்ஸ்லோ அகராதியிலும் பாருங்கள். பழைய அகராதி என்று வின்ஸ்லோவை ஒதுக்க வேண்டாம். நாட்டு மருந்துச் சரக்குகளின் பெயர்கள் அதில் நிறைய இருக்கின்றன. அகராதியில் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டுத் தரும் அர்த்தங்கள் காலவரிசைப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரகரத்திலும் லகரத்திலும் தொடங்கும் சொற்களை முன்னுயிர் சேர்த்துத் தேடுங்கள்: ரசம் கிடைக்காவிட்டால் இரசம், லிங்கம் கிடைக்காவிட்டால் இலிங்கம், லோகம் கிடைக்காவிட்டால் உலோகம். நவச்சாரத்தை நவாச்சாரம் என்றும் தேட வேண்டும்.

பிறமொழிச் சொல்லை அட்டையில் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். வெங்காரத்தின் அரபுப் பெயரைப் ‘பவ்ரக்’ என்று எழுதினால், முதல் ஒலி குரல்நாண் அதிரும் பகரமா (b) அதிராத பகரமா (p) என்பது ஒரு மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும். போராக்ஸ் என்ற சொல் அதிலிருந்துதான் வந்தது என்று நிறுவ அந்த ஒலி தேவை. மூல மொழியின் எழுத்திலோ, ஒலிக்குறி சேர்ந்த ரோமன் எழுத்திலோ பக்கத்தில் ஒருமுறை எழுதி வையுங்கள்.

சொல்லைப் பிரிப்பது

‘அல்’ என்று தொடங்கினால் அரபு என்று கைநீட்டுவது வழக்கம். ஆல்கஹால், ஆல்கலி, ஆல்கெமி ஆகிய மூன்றுக்கும் அது சரி; அந்த ‘அல்’ அரபுச் சுட்டு, ஆங்கிலத்தின் ‘the’ போன்றது. ஆனால் அலுமினியத்தின் ‘அல்’ அரபு அல்ல. அது படிகாரத்துக்கு லத்தீனில் வழங்கிய ‘அலூமென்’ என்ற சொல்லின் பகுதி. ஆல்பைட் என்ற கனிமத்தின் ‘ஆல்ப்’ லத்தீனில் வெண்மை. முன்னொட்டு என்று நினைப்பதை வெட்டிவிட்டுப் பாருங்கள். மிச்சம் அந்த மொழியில் தனிச்சொல்லாக நின்றால் மட்டுமே அது முன்னொட்டு. ஆல்கலியில் ‘அல்’ போனால் ‘கலீ’ நிற்கிறது. கடலோரச் செடிகளை எரித்தெடுத்த சாம்பலுக்கு அரபியில் அதுதான் பெயர். பொட்டாசியத்தின் குறியீடு ‘கே’ ஆனதும் இந்தக் ‘கலீ’யிலிருந்து ஆக்கிய ‘காலியம்’ என்ற பெயரால்தான். ஆங்கிலப் பெயரோடு ஒட்டாத குறியீடு பெற்ற தனிமங்கள் மொத்தம் 11: சோடியம், பொட்டாசியம், இரும்பு, செம்பு, வெள்ளி, வெள்ளீயம், ஆன்டிமனி, டங்ஸ்டன், தங்கம், பாதரசம், காரீயம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தப் பதினொன்றில் ஒன்றை முதல் அட்டையாக எடுத்துக்கொள்ளலாம். பாதி வழியைக் குறியீடே காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னொட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஹேமடைட், கிராஃபைட் போன்ற கனிமப் பெயர்களின் ‘ஐட்’ கிரேக்கத்தில் ‘இன்னதைச் சார்ந்த கல்’ என்று பொருள்படும் ஒட்டு. நைட்ரைட், சல்ஃபைட்டு ஆகியவற்றில் வருவது 1787இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் வகுத்த பெயரிடு முறையில் உப்புகளுக்குக் கொடுத்த ஒட்டு. சல்ஃபைடு, குளோரைடு என்பவற்றில் வருவது மூன்றாவது ஒட்டு. தமிழில் எழுதும்போது மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. சல்ஃபைடில் ஆக்சிஜன் கிடையாது, சல்ஃபைட்டில் உண்டு. ஒரு டகரம் கூடிக் குறைந்தால் சேர்மமே மாறிப்போகும். அட்டையில் எழுதும்போது இதை இரண்டாம் முறை சரிபாருங்கள்.

தமிழ்ப் பெயர்களைப் பிரிக்கும்போது நிறச்சொல்லை முதலில் தேடுங்கள். செம்பில் செம்மை, வெள்ளியில் வெண்மை. காரீயம், வெள்ளீயம் என்ற இணையில் ஈயம் பொது, நிறம்தான் வேறுபாடு. லத்தீனிலும் இதே கணக்குதான்: காரீயம் ‘ப்ளும்பும் நீக்ரும்’, கறுப்பு ஈயம், வெள்ளீயம் ‘ப்ளும்பும் அல்பும்’, வெள்ளை ஈயம். இரண்டு மொழியும் ஒன்றிடம் ஒன்று வாங்கவில்லை. மென்மையாய், எளிதில் உருகுவதாய் இரண்டு உலோகம் இருந்தால் யாரும் அப்படித்தான் பிரிப்பார்கள். இப்படித் தற்செயலாக ஒத்துப்போவதையும் அட்டையில் குறியுங்கள். அதைக் கடன் என்று எழுதிவிடாதீர்கள். பொன் என்ற சொல் இன்று தங்கம். பழந்தமிழில் அது உலோகம் எதற்கும் பொதுப்பெயராகவும் வழங்கியது. இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். ஐம்பொன் என்ற சொல்லில் அந்தப் பழைய பொதுப்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. பழைய பாட்டில் ‘பொன்’ என்று வந்தால் தங்கம் என்று உடனே எழுதாமல் அடைமொழியைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பெயர் சொல்லும் குணம் சரக்கில் இருக்கிறதா

கிரேக்கத்தில் ‘ஹைமா’ என்றால் இரத்தம். ஹேமடைட் என்றால் இரத்தக்கல். கையில் எடுத்துப் பார்த்தால் பல துண்டுகள் கறுப்பாக, எஃகு போல மின்னும். பெயர் தப்போ என்று தோன்றும். பளபளப்புப் பூசாத பீங்கான் ஒன்றை எடுங்கள். சுவரில் பதிக்கும் பீங்கான் ஓட்டின் பின்பக்கம் போதும். கல்லின் முனையை அழுத்தி 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். கறுப்புக் கல் காய்ந்த இரத்தத்தின் செம்பழுப்பில் கோடு போடும். காவிக்கல்லின் சிவப்பும் இதே சரக்கின் சிவப்புதான். கோடு கறுப்பாக விழுந்தால் அது மேக்னடைட். மஞ்சள் பழுப்பாக விழுந்தால் லிமொனைட் வகை. கோடு வெள்ளையாக விழுந்து பீங்கானில் கீறலும் தெரிந்தால் கல் பீங்கானைவிடக் கடினம். நீங்கள் பார்ப்பது கல்லின் தூளை அல்ல, பீங்கானின் தூளை. குவார்ட்சு, குருந்தம் போன்றவற்றில் இப்படி ஏமாறுவார்கள்.

பெயர் வைத்தவர்கள் கல்லை அரைத்தவர்கள், பூசினவர்கள், எரித்தவர்கள். அதனால் பெயரில் இருப்பது பெரும்பாலும் சும்மா கிடக்கும் கல்லின் தோற்றம் அல்ல, வேலை செய்யும்போது அது காட்டிய குணம். பைரைட்டில் இருக்கிற நெருப்பு, இரும்பால் தட்டினால் பறக்கும் பொறி. கந்தகத்தில் இருக்கிற ‘கந்தம்’, மணம்.

ஆனால் நஞ்சுள்ள சரக்கில் சோதனை வேண்டாம். அரிதாரம், மனோசிலை இரண்டிலும் ஆர்சனிக்; சாதிலிங்கத்தில் பாதரசம்; ஈயச் செந்தூளில் காரீயம். இவற்றை உரசவோ, சூடாக்கவோ, நாக்கில் வைக்கவோ கூடாது. பிறர் ஏற்கெனவே எழுதிவைத்த குணங்களே நமக்குப் போதும்.

ஒரு முழு எடுத்துக்காட்டு: காடி ஊற்றிய வெடியுப்பு

குணத்தை வைத்துச் சரக்கைப் பிடிப்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில், நீதிமொழிகள் 25:20இல், துக்கப்படுகிறவனுக்குப் பாட்டுப் பாடுவது ‘வெடியுப்பின்மேல் வார்த்த காடியைப்போல’ என்று வருகிறது. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்; காடி என்பது வினிகர். அதன்மேல் காடியை ஊற்றினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நனையும், கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். உவமை செத்துப்போகிறது.

மூல எபிரேயச் சொல் ‘நெத்தெர்’. இதே சொல் எரேமியா 2:22இலும் வருகிறது. அங்கே அதே தமிழ் மொழிபெயர்ப்பு ‘உவர்மண்’ என்று எழுதி, அதனால் கழுவுவதைச் சொல்கிறது. ஒரே சொல், இரண்டு சரக்கு. எது சரி? உவர்மண் அழுக்கை வெளுக்கும். அதிலிருக்கும் காரம் சோடியம் கார்பனேட். அதன்மேல் காடியை ஊற்றினால் நுரை சீறிக்கொண்டு பொங்கும், கார்பன் டையாக்சைடு வெளியேறும். ஒரு கண்ணாடித் தம்ளரில் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைப் போட்டு இரண்டு மேசைக்கரண்டி வினிகரை ஊற்றிப் பாருங்கள். துக்கத்தில் இருப்பவன் பாட்டைக் கேட்டுப் பொங்குவது உடனே விளங்கிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சமையல் சோடாவும் பொங்கும், சுண்ணாம்புக்கல்லும் பொங்கும். இந்தச் சோதனை ‘கார்பனேட் வகை’ என்று மட்டுமே சொல்லும், எந்தக் கார்பனேட் என்று சொல்லாது. அதைக் கழுவுதல் என்ற இரண்டாவது குணம் தீர்மானிக்கிறது: நீரில் கரைந்து அழுக்கு நீக்குவது சோடா, சுண்ணாம்புக்கல் அல்ல.

குழப்பம் தமிழில் தொடங்கியதல்ல. 1611இல் வந்த ஆங்கில விவிலியம் இரண்டு இடத்திலும் ‘நைட்டர்’ என்றே எழுதியது. சொல்லின் வழி இப்படி ஓடுகிறது: பண்டை எகிப்தில் வறண்ட ஏரிப் படுகைகளில் எடுத்த இயற்கைச் சோடாவின் பெயர் கிரேக்கத்தில் ‘நித்ரோன்’, எபிரேயத்தில் ‘நெத்தெர்’, லத்தீனில் ‘நித்ரும்’. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் வெடிமருந்துக்காக வெடியுப்பு முக்கியச் சரக்கானபோது ‘நித்ரும்’ அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டுமே மண்ணின்மேல் வெள்ளையாகப் பூக்கும் உப்புகள். பழைய சரக்குக்குப் பெயர் இல்லாமல் போகவே, அதே எகிப்தியச் சொல்லின் அரபு வடிவமான ‘நத்ரூன்’ ஐரோப்பாவுக்குள் இரண்டாம் முறை நுழைந்தது. அதிலிருந்து சோடியத்துக்கு ‘நேட்ரியம்’ என்ற பெயரும் ‘என்.ஏ.’ என்ற குறியீடும் வந்தன. முதல் முறை நுழைந்த ‘நைட்டர்’ வழியாக 1790இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷாப்தால் ‘நைட்ரஜன்’ என்ற பெயரை ஆக்கினார். வெடியுப்பில் இருக்கும் வாயு என்பதால். ஆக, நேட்ரியமும் நைட்ரஜனும் ஒரே வேர். ஒரு தனிமம் உலோகம், மற்றது வாயு. இரண்டுக்கும் வேதியியலில் உறவு கிடையாது, சொல்லில்தான் உறவு. அட்டையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஏன் பிரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை.

கடனா, பெயர்ப்பா, தனிப்பெயரா

ஒரு சரக்குக்குப் பல மொழிப் பெயர்களைத் திரட்டியதும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இந்த மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். ஒலியோடு வந்தது கடன். அர்த்தத்தை மட்டும் வாங்கித் தன் சொல்லால் கட்டியது பெயர்ப்பு. இரண்டும் இல்லாதது தனிப்பெயர்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1770களின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே இதற்குக் கிரேக்கச் சொற்களால் ‘அமிலம் பிறப்பிப்பது’ என்று பெயரிட்டார். எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கிறது என்று அவர் நம்பினார். அது தவறு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் கிடையாது. குளோரின் தனிமம்தான் என்று 1810இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேவி காட்டியதோடு அந்த நம்பிக்கை விழுந்தது. பெயர் விழவில்லை. ஜெர்மனில் ‘சவர்ஷ்டோஃப்’, ரஷ்யனில் ‘கிஸ்லரோத்’, ஜப்பானில் ‘சான்சோ’ ஆகிய மூன்றும் புளிப்பு அல்லது அமிலம் என்ற அர்த்தத்தை அப்படியே பெயர்த்தவை. லவாசியேயின் பிழையும் கூடவே பெயர்ந்துவிட்டது. தமிழில் ஆக்சிஜன் கடன். பிராணவாயு, உயிர்வளி இரண்டும் தனிப்பெயர்கள். சரக்கு செய்யும் வேலையைப் பார்த்து வைத்தவை. சீன மொழியின் ‘யாங்’ என்ற பெயரும் ‘ஊட்டி வளர்ப்பது’ என்ற கருத்தில் பிறந்தது. பெயர்ப்பு எனக் குறித்த வரிகளில் மூலப் பெயரின் பிழையும் வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பாதரசத்தில் படம் வேறு. கிரேக்கம் ‘நீர்வெள்ளி’ என்றது, ‘எச்.ஜி.’ என்ற குறியீடு அதன் சுருக்கம். லத்தீனும் ஜெர்மனும் ‘உயிருள்ள வெள்ளி’ என்றன. அரபியின் ‘ஸிபக்’ பாரசீகத்தில் உயிருள்ளது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானியத்தின் ‘அசோகே’ அந்த அரபியிலிருந்து. ஓடுவதையும் மின்னுவதையும் பார்த்து எல்லோரும் ஏறத்தாழ ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள். இப்படி வரும்போது யார் யாரிடம் வாங்கினார் என்பதைக் கருத்து ஒற்றுமையால் முடிவு செய்ய முடியாது, ஒலியால் மட்டுமே முடியும்.

அமிலம் என்பதற்கு எந்த மொழியைப் பார்த்தாலும் புளிப்புதான். அதில் தேட அதிகம் இல்லை.

துத்தம் போன தூரம்

மயில்துத்தம் என்றால் செம்பு சல்ஃபேட், பால்துத்தம் என்றால் துத்தநாக சல்ஃபேட். துத்தம் பொது, மயிலும் பாலும் நிறம். ஐரோப்பாவிலும் நீல விட்ரியால், வெள்ளை விட்ரியால் என்றுதான் பிரித்தார்கள். அங்கே பொதுச்சொல் கண்ணாடி போன்ற தோற்றத்தைக் குறித்தது.

வடமொழியில் ‘துத்த’ என்பது நீலத் துத்தம். அரபியிலும் பாரசீகத்திலும் ‘தூதியா’ என்று ஒரு சரக்கு இருக்கிறது. உலையின் புகைவழியில் படியும் துத்தநாக ஆக்சைடு. நீலம் அல்ல, வெளிறிய நிறம். மார்க்கோ போலோ பாரசீகத்தில் அதைச் செய்வதைக் கண்டு எழுதியிருக்கிறார். லத்தீனில் அது ‘துதியா’, ஆங்கிலத்தில் ‘டட்டி’. நீல உப்பின் பெயர் வெள்ளைப் படிவுக்கு எப்படிப் போயிருக்கும்? வலப்பக்கத்தில் ‘எதற்குப் பயன்பட்டது’ என்ற இடத்தைப் பாருங்கள்: இரண்டும் கண் மருந்து. நிறமும் சேர்மமும் மாறினாலும் வேலை மாறவில்லை. பெயர் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். தூதியாவுக்குப் பாரசீகத்தில் புகை என்று பொருள்படும் ‘தூத்’ என்ற வேரைச் சொல்கிறவர்களும் உண்டு; உலைப்புகையில் கிடைப்பது என்பதால் அதுவும் பொருந்துகிறது. ஆகவே அட்டையில் இரண்டு வேரையும் எழுதி, ‘முடிவாகவில்லை’ என்று குறிப்பதே நேர்மை.

துத்தநாகம் என்ற உலோகப் பெயரில் வரும் ‘நாகம்’ பாம்பு அல்ல. வடமொழியில் ஈயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் வழங்கிய பெயர். இந்தச் சொல் போர்ச்சுகீசிய வணிகர் வாயில் ‘துதனாகா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘டூட்டநாக்’ ஆயிற்று. அங்கே மறுபடி ஒரு குழப்பம்: சீனத்திலிருந்து வந்த துத்தநாகத்துக்கும், செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த ‘பாக்டாங்’ என்ற வெள்ளை உலோகக் கலவைக்கும் ஆங்கிலத்தில் இந்தப் பெயரையே இட்டார்கள். பழைய வணிகக் கணக்கில் டூட்டநாக் என்று கண்டால் தூய துத்தநாகம் என்று எழுதுவதற்கு முன் அந்த உலோகத்தால் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மெழுகுவர்த்தித் தண்டாக வார்த்திருந்தால் பெரும்பாலும் கலவைதான்.

பழைய குறிப்பில் வெறும் ‘துத்தம்’ என்று வந்தால் நிறத்தைத் தேடுங்கள். நிறமும் இல்லையென்றால், அந்த நீரில் இட்ட இரும்பு செம்பு நிறம் ஏறியது என்பது போன்ற ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். செம்பு சல்ஃபேட் கரைசலில் ஓர் இரும்பாணியைப் போட்டால் சில நிமிடத்தில் செம்பு படியும். துத்தநாக சல்ஃபேட்டில் அது நடக்காது.

ஊரும் பூதமும்

ஊர்ப்பெயர் வந்தால் சரக்கு அங்கே தோண்டியது என்று கொள்ளாதீர்கள். டர்க்காய்ஸ் என்றால் துருக்கிக் கல். கல் பாரசீகத்தைச் சேர்ந்தது, துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. அம்மோனியாவின் பெயரில் இருப்பது எகிப்தின் மேற்குப் பாலைவனத்து ஆமோன் கோயில். அந்தக் கோயிலின் பெயரால் ரோமானியர் குறித்த உப்பு பாறை உப்பு. பின்னாளில்தான் அந்தப் பெயர் நவச்சாரத்துக்கு, அதாவது அம்மோனியம் குளோரைடுக்கு, வந்தது. மக்னீசியம், மாங்கனீசு, மேக்னட் மூன்றும் மக்னீசியா என்ற ஒரே இடப்பெயரில் போய் முடிகின்றன. தமிழில் முதல் இரண்டையும் மாற்றி எழுதுவது அச்சில்கூட நேர்கிறது, கவனம்.

கோபால்ட்டும் நிக்கலும் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்களின் வசவுகள். கோபோல்ட் குறும்புப் பூதம். ‘குப்ஃபர்நிக்கல்’ என்றால் செம்புப் பூதம்: செம்புத் தாது போலச் சிவந்திருக்கும், உருக்கினால் செம்பு வராது, ஆர்சனிக் புகைதான் வரும். 1751இல் சுவீடன் வேதியியலாளர் குரோன்ஸ்டெட் இந்த வகைத் தாதுவிலிருந்து புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்து, பின்னர் பெயரின் பின்பாதியை அதற்கு வைத்தார்.

ஒலி ஒற்றுமையை நம்பாதது

சல்ஃபர் என்பது வடமொழி ‘சுல்வாரி’யிலிருந்து, அதாவது ‘செம்பின் பகை’யிலிருந்து வந்தது என்று நிறைய இடத்தில் எழுதியிருக்கிறார்கள். கந்தகம் செம்பைக் கறுக்க வைக்கும் என்பதால் கேட்க அழகாக இருக்கிறது. மூன்று கேள்வி போடுங்கள். மூலம் என்று சொல்லப்படும் சொல் கடன் வாங்கியதைவிடப் பழமையானதா? லத்தீனில் சல்ஃபர் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய எழுத்திலேயே இருக்கிறது. சுல்வாரியோ அகராதிப் பட்டியல்களில் தலைகாட்டும் புலமைச் சொல். நடந்து வந்த வழியில் தடம் இருக்கிறதா? இடையில் கிடக்கும் பாரசீகத்தில் ‘கோகிர்த்’, அரபியில் ‘கிப்ரீத்’, கிரேக்கத்தில் ‘தெயோன்’. ஒன்றுகூட ஒக்கவில்லை. ஒலிகள் மற்றச் சொற்களிலும் இதே முறையில் மாறியிருக்கின்றனவா? காட்ட ஓர் இணைகூட இல்லை. மூன்றிலும் தோற்றால் ‘ஒலி ஒற்றுமை மட்டும்’ என்று எழுதி மூடிவிடுங்கள். நமக்குப் பிரியமான மொழி மூலமாக வரும்போதுதான் இந்தக் கேள்விகளைக் கூடுதல் கறாராகக் கேட்க வேண்டும்.

ஆன்டிமனியை ‘துறவிகளின் எதிரி’ என்று பிரெஞ்சில் பிரிப்பதும் இதே வகைக் கதைதான்.

சில சமயம் இந்தத் தவறான பிரிப்பே சொல்லின் உருவத்தை மாற்றிவிடும். பொன்னிறத்தைக் குறித்த ஈரானிய வேரிலிருந்து வந்த ‘ஸர்னீக்’ போன்ற சொல் கிரேக்கத்துக்குப் போனபோது, அங்கே ஆண்மை, வலிமை என்று பொருள்படும் சொல்லின் சாயலில் ‘அர்சேனிகோன்’ ஆனது. ஆர்சனிக்கின் பெயர் அதுவே. அப்போது அது குறித்த சரக்கு மஞ்சள் அரிதாரம். லத்தீன் அதைப் ‘பொன் வண்ணம்’ என்றது, வடமொழி ‘அரிதால’ என்று மஞ்சளைச் சொன்னது. தமிழில் அரிதாரம் இன்னொரு அடி எடுத்து வைத்து, கூத்தாடுகிறவர் முகப்பூச்சுக்கே பெயராகிவிட்டது. இன்று அரிதாரம் பூசுகிறவர் முகத்தில் ஆர்சனிக் இல்லை. சொல் மட்டும் ஒட்டியிருக்கிறது.

சிவப்புச் சரக்குகளில் இந்த வழுக்கல் மிக அதிகம். லத்தீனின் ‘மினியும்’ முதலில் பாதரச சல்ஃபைடு, பிறகு ஈயச் செந்தூள். தமிழில் செந்தூரம் என்பது சிவக்கப் புடமிட்ட எந்த மருந்தாகவும் இருக்கலாம். அயச்செந்தூரத்தில் இருப்பது இரும்பு. பெயர் ஒன்று என்பதற்காகப் பழைய ஏட்டில் கண்ட சரக்குக்குப் பதில் இன்று அதே பெயரில் கிடைப்பதைப் போட்டு மருந்து செய்யக் கூடாது. வேர் ஆராய்ச்சி உயிரோடு விளையாடும் இடம் இது ஒன்றுதான்.

பதிவை எழுதுவது

அட்டை நிறைந்ததும் பதிவாக எழுதுங்கள். இன்றைய சரக்கு முதலில், பிறகு மொழிவரிசை பின்னோக்கி, ஒவ்வொரு அடியிலும் அப்போதைய சரக்கு, கடைசியில் நம்பகம். நம்பகத்துக்கு மூன்று தரம் போதும்: உறுதி, இயலும், ஒலி ஒற்றுமை மட்டும். மாதிரிக்கு ஒன்று:

குருந்தம். இன்று: படிக அலுமினியம் ஆக்சைடு, கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் 9. சிவந்தது மாணிக்கம், நீலமானது நீலக்கல், மங்கிய துண்டுகள் சாணைத்தூள். ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’, கடன். அகராதிகள் தமிழ்க் குருந்தத்தை மூலமாகக் காட்டி, வடமொழி ‘குருவிந்த’ என்பதை ஒப்பிடுகின்றன. அங்கே சரக்கு மாணிக்கம். சரக்குத் தொடர்ச்சி உண்டு: சாணைக்கல்லும் மாணிக்கமும் ஒரே கனிமம். தென்னிந்திய வழி: உறுதி. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் உட்வார்ட் இந்தக் கல்லைப் பதிந்தபோது ‘விந்தம்’ என்ற ஒலி சேர்ந்த வடிவத்தில் எழுதினார். அந்த வடிவம் குருந்தத்தைவிடக் குருவிந்தத்துக்கு அருகில் இருக்கிறது. எனவே தமிழ் வடிவமே நேரடி மூலம் என்பது: இயலும்.